சடைப்பாணுக்கு அரைக் கோப்பை

தோணாமுனை,
பெரியகல்லாறு தபால்.
12.1.1963

பாசமுள்ள ஞானமலர் அக்காவுக்கு,

கர்த்தர் கிருபையில் நானும் இவரும் சுகம். வாவி படலை வரைக்கும் வந்து நிற்கிறது, மற்றபடி மழையால் நட்டமில்லை. கல்கத்தாக் குளிரில் உங்கள் மூட்டுவலி எப்படி?

டிசம்பரில் எழுதின நத்தார்க் கடிதத்தில், நீங்கள் இருக்கும் வீட்டு சிரானுஷ் அம்மா சடை பின்னிச் சுடுகிற ஆர்மேனிய இனிப்புப் பாணைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வாசித்த நாளிலிருந்து அதே நினைவு. இங்கே உயிர்த்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வளவில் தேத்தண்ணி விருந்து. வீட்டுக்கொரு தட்டம் கொண்டுபோக வேண்டும். போன வருஷம் பதினொரு தட்டம் பயற்றம் பணியாரம் வந்தது. அதில் என் தட்டத்தை ஒருவரும் தொடவில்லை. கொண்டுபோனபடியே திரும்பக் கொண்டுவந்தேன். வெட்கமாய்ப் போய்விட்டது, அக்கா.

இந்த முறை எங்களுக்குக் கொஞ்சம் விசேஷம். உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு இவரைச் சபை இராப்போசனப் பந்தியில் திரும்பவும் சேர்க்க இருக்கிறார்கள். ஊரே எங்களைப் பார்க்கும். அதனால் அந்தப் பாண் செய்யும் விதத்தை ஒன்றும் விடாமல் எழுதி அனுப்புங்கள்.

உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கும்
பீற்றிஸ்


கல்கத்தா
2.2.1963

என் தங்கச்சிக்கு,

அக்கா சுகம். மூட்டுவலி என்னோடு கூடப்பிறந்தது மாதிரி ஆகிவிட்டது, அதை விடு. பதினொரு தட்டம் பயற்றம் பணியாரமா! வாசிக்கவே தொண்டை அடைக்கிறது.

இந்தப் பாணுக்கு சோரெக் என்று பெயர். கோதுமை மா இரண்டு றாத்தல், பட்டர் அரை றாத்தல், முட்டை நாலு, சீனி ஒன்றரைக் கோப்பை, இளஞ்சூட்டுப் பால் ஒரு கோப்பை. கருஞ்சீரகம் ஒரு கரண்டி. இந்தக் கடிதத்துக்குள் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். மஹ்லப் என்பார்கள், ஒரு காட்டுப் பழத்தின் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. இடித்துப் போடு. அதுதான் இதற்கு வாசம்.

மாவைப் பொங்க வைக்க இங்கே ஈஸ்ட் என்று தகரத்தில் விற்கும். அங்கே அதைத் தேடி அலையாதே. அப்பத்துக்கு விடுகிற தென்னங்கள்ளு அரைக் கோப்பை போதும். அன்று இறக்கிய கள்ளாக இருக்க வேண்டும். பிசைந்து, ஈரத்துணி மூடி வை. மா இரண்டு பங்காகப் பொங்கியதும் மூன்று திரியாக உருட்டிப் பின்னு. உன் தலையை நான் பின்னின மாதிரி இறுக்கிவிடாதே, நீ கத்தினது எனக்கு இன்னும் கேட்கிறது. இறுக்கினால் வேகும்போது வெடிக்கும். பின்னினதைத் திரும்பவும் பொங்க விட்டு, மேலே மஞ்சள்கரு தடவி, எள்ளுத் தூவிச் சுட வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். மத்தேயுவைத் “திரும்பவும்” சேர்ப்பதாக எழுதியிருக்கிறாய். எப்போது விலக்கினார்கள்? எனக்கு ஏன் தெரியாது?

முத்தங்களுடன்
ஞானமலர்


தோணாமுனை
10.3.1963

பாசமுள்ள அக்காவுக்கு,

கடிதமும் பொட்டலமும் வந்தன. நாங்கள் சுகம். சிரானுஷ் அம்மாவுக்கு என் தோத்திரம் சொல்லுங்கள்.

இவருக்கு இந்தப் பாணில் என்னைவிட ஆசை. மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி, மேலும் கீழும் சிரட்டைத் தணல் போடுகிற மாதிரி ஒரு அடுப்புச் செய்து தந்திருக்கிறார். மா பிசைய வேப்பம்பலகையும் சீவித் தந்தார். பகல் முழுக்கத் தச்சுப் பட்டறைதான். சுவர்ப் பலகையில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே இருப்பார், என்ன அளவோ அது.

நீங்கள் கேட்டது ஒன்றும் பெரிய விஷயமில்லை. சபை என்றால் ஆயிரம் இருக்கும். அதை விடுங்கள். நீங்கள் எழுதின சாமான் எல்லாம் கிடைத்துவிட்டது, ஒன்றைத் தவிர. அதுவும் கிடைக்கும்.

அன்பு மறவாத
பீற்றிஸ்


தோணாமுனை
24.4.1963

அக்காவுக்கு,

சுகமாய் இருக்கிறீர்களா? பாண் நன்றாக வந்தது. நாலு சடை சுட்டேன். தகரம் திறந்ததும் வாசம் வீதி வரைக்கும் போனது. “இதென்ன பாண்கா, பொம்புளப் புள்ளைர சடை மாதிரிக் கிடக்கு?” என்று எல்லோரும் சுற்றி நின்றார்கள். போதகர் ஐயா இரண்டு துண்டு சாப்பிட்டார். பஸ்தியாம்பிள்ளை மாஸ்டர் மூன்று துண்டு. இவர்தான் ஒரு வாய் தின்றுவிட்டு மற்றதை வைத்துவிட்டார். எழும்பிக் கோயில் கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளித்தார். ஊரே புகழ்கிறது, கட்டின புருஷனுக்குப் பிடிக்கவில்லை என்று எனக்கு அன்றைக்குக் கோபம்.

அவருடைய பந்திக் காரியம் இந்த வருஷம் நடக்கவில்லை. பரவாயில்லை. வேறு விசேஷம் இல்லை.

பீற்றிஸ்


கல்கத்தா
14.5.1963

என் கெட்டிக்காரத் தங்கச்சிக்கு,

நீ சுகமாய் இருக்க வேண்டும். நாலு சடை என்றதும் எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் வந்தன. சிரானுஷ் அம்மாவிடம் சொன்னேன். “உன் தங்கைக்கு நல்ல கை” என்றா. அந்த அம்மா யாரையும் இலேசில் மெச்சமாட்டா.

ஆனால் இவ்வளவு புகழ் வாங்கினவள் எழுதின கடிதமா இது? அடி எத்தனை மணிக்கு எழும்பினாய், மா எவ்வளவு நேரம் பொங்கியது, ஒன்றும் இல்லை. மத்தேயு ஏன் சாப்பிடவில்லை? பந்திக் காரியம் ஏன் நடக்கவில்லை? விவரமாய் எழுது.

உன்
ஞானமலர்


கல்கத்தா
5.8.1963

பீற்றிஸ்,

மூன்று மாதமாய் உன் எழுத்து இல்லை. நோயா? நான் ஏதாவது பிழையாய் எழுதிவிட்டேனா? இங்கே சரியான மழை, நான் சுகம். அந்தப் பாணைத் திரும்பச் சுட்டாயா? ஒரு வரி போடு. வெறும் தபாலட்டை என்றாலும் சரி.

கவலையோடு
அக்கா


தோணாமுனை
26.8.1963

மதிப்புக்குரிய மச்சாளுக்கு மத்தேயு எழுதிக்கொள்வது.

நாங்கள் இருவரும் தேக சுகத்தோடு இருக்கிறோம். உங்கள் சுகத்துக்குக் கர்த்தரை மன்றாடுகிறேன். எனக்கு உளி பிடித்த கை, எழுத்து வராது. பிழை இருந்தால் மன்னிக்கவும்.

பீற்றிஸ் எழுதாததற்கு ஒன்றும் நினைக்க வேண்டாம். அவளுக்கு உங்கள்மேல் கோபமில்லை. ஒரேயொரு உதவி கேட்கிறேன். இனி எழுதும்போது அந்தப் பாணைப் பற்றி அவளிடம் விசாரிக்க வேண்டாம். நீங்கள் விசாரித்து எழுதினால் இரண்டு நாளைக்கு அவள் சோறு தின்னமாட்டாள். பாண் நன்றாகத்தான் வந்தது. குறை அவள் கையில் இல்லை.

நான் எழுதினது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் பணிவுள்ள
மத்தேயு


கல்கத்தா
20.9.1963

என் தங்கச்சிக்கு,

நீ சுகமாய் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இனி அந்தச் சமையல் காரியம் எதையும் கேட்கமாட்டேன். இன்றைக்கு நான் உனக்கு ஒன்று சொல்கிறேன்.

சிரானுஷ் அம்மாவுக்கு நான் துணையாள், வேதம் வாசித்துக் காட்டுகிறேன், கடிதம் எழுதிக் கொடுக்கிறேன் என்றுதானே ஊருக்கு எழுதினேன். பொய். நான் இந்த வீட்டுச் சமையல்காரி. கொழும்பில் இவர்கள் குசினியில் சேர்ந்தேன், அதே குசினியோடு கப்பலேறினேன். பதின்மூன்று வருஷமாய் ஒவ்வொரு உயிர்த்த ஞாயிறுக்கும் சோரெக் பின்னுவது என் கை. ஆனால் அதை நான் மேசையில் இருந்து தின்றதில்லை. விருந்தாட்கள் போனபிறகு, மிச்சம் இருந்தால், அடுப்படியில் நின்றபடி தின்பேன். மூத்தவள் வீட்டைத் தங்கச்சிக்கு விட்டுக்கொடுத்துச் சீமைக்குப் போனாள் என்று ஊர் என்னைப் பெருமையாய்ப் பேசட்டுமே என்று இவ்வளவு நாளும் மறைத்தேன். உன்னிடமும் மறைத்தது என்ன புத்தியோ.

எழுதி முடித்ததும் முகம் சுடுகிறது. ஆனால் நெஞ்சு இலேசாய் இருக்கிறது. உனக்கும் ஏதாவது இருந்தால் எழுது. இல்லாவிட்டால் சுகத்தை மட்டும் எழுது.

உன் சமையல்காரி அக்கா
ஞானமலர்


தோணாமுனை
8.11.1963

என் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன், மூன்று தரமும் அழுதேன். நீங்கள் சமையல்காரி என்பதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. நான் எழுதப்போவதை வாசித்தபிறகு நீங்கள் என்னைத் தங்கச்சி என்று சொல்வீர்களோ தெரியாது.

இவர் குடித்தவர், அக்கா. கலியாணம் முடித்து இரண்டாம் வருஷம் தொடங்கினது. அறுபதாம் ஆண்டு நத்தாருக்கு வெறியில் கோயிலுக்கு வந்து, பிரசங்க பீடத்துப் படியில் விழுந்தார். அன்றைக்கே பந்தியில் இருந்து விலக்கினார்கள். எந்த முகத்தோடு உங்களுக்கு எழுதுவேன்? எழுதவில்லை. அடுத்த உயிர்த்த ஞாயிறு, சபை முழுக்கப் பார்க்க எழும்பி நின்று, இனி ஒரு துளி தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். காப்பாற்றினார். அன்றிலிருந்து இந்த வீட்டில் அப்பம் சுடுவதைக்கூட விட்டுவிட்டோம், அப்பத்துக்குக் கள்ளு வேண்டுமே. இதெல்லாம் தெரிந்திருந்தால் நீங்கள் கள்ளு என்று எழுதியிருப்பீர்களா? உங்களுக்கு மறைத்தது நான். பிழை அங்கேயே தொடங்கிவிட்டது.

ஈஸ்ட் தேடி மட்டக்களப்பு வரைக்கும் போனேன், கிடைக்கவில்லை. விட்டிருக்கலாம், பணியாரமே கொண்டுபோயிருக்கலாம். ஆனால் எனக்குப் புகழ் வேண்டும். கள்ளிறக்குகிறவரின் பெண்சாதி சீதேவியிடம் சொல்லி, கீரைக் கட்டுக்குள் மறைத்து ஒரு போத்தல் வாங்கினேன். அரைக் கோப்பை மாவில் விட்டேன், மிச்சத்தைக் கொல்லையில் ஊற்றினேன். எங்கள் கோயில் மதுவிலக்குச் சங்கம் முழுக்க அந்தப் பாணைத் தின்று மெச்சினது. காரியதரிசி பஸ்தியாம்பிள்ளை மாஸ்டருக்கு மூன்று துண்டு.

வெறும் போத்தலை எங்கே ஒளிப்பது? என் குசினிக்குள் நாலு பேர் வந்து போவார்கள் என்று, இவருடைய பட்டறையில் மரத்தூள் குவியலுக்குள் புதைத்தேன். என் புத்தியைப் பாருங்கள். குடிகாரன் என்று பேர் எடுத்த மனிதருடைய பட்டறையில்.

அடுத்த நாள் திங்கட்கிழமை மாஸ்டர் உட்காருகிற வாங்கு ஒன்று செய்யச் சொல்ல வந்தார். கால் இடறிப் போத்தல் வெளியே உருண்டது. எடுத்து மணந்து பார்த்தார். “மத்தேயு, இதென்ன?” என்றார். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். எல்லாம் கேட்கிறது. இவர் உளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “என்ட பட்டறைக்குள்ள கிடந்தா என்டதானே, மாஸ்டர்” என்றார்.

நாலு எட்டு வைத்து வெளியே வந்து, “அது என்ட” என்று சொல்லியிருக்கலாம். கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். சங்கத்துக்கே கள்ளுப் பாண் கொடுத்தவள் என்று ஊர் காறித் துப்பும் என்று பயந்தேன். அவர் பழி கேட்டுப் பழகினவர்தானே என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அதை எழுதவே கை கூசுகிறது.

மாஸ்டர் போய்ச் சொல்ல, இன்னும் ஒரு வருஷம் பொறுக்கட்டும் என்று சபையார் சொல்லிவிட்டார்கள். இவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஏதோ பழைய போத்தல் என்று நினைத்தாராக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு திரிகிறேன். கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வந்த மனிதர். இந்த ஊரில் அவருக்கு என்னை விட்டால் யார்? வரும் வருஷம் பந்திக்கு முன்னால், “நான் விழுந்துவிட்டேன்” என்று சபையில் சொன்னால்தான் சேர்ப்பார்களாம். சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். செய்யாததைச் செய்தேன் என்று அவர் சொல்லப் போகிறார். அதையும் பார்த்துக்கொண்டு இருக்கப் போகிறேனா நான்?

முகம் காட்ட முடியாத
பீற்றிஸ்


கல்கத்தா
1.12.1963

பீற்றிஸ்,

நான் சுகம். உன் கடிதத்தை வாசித்து, உன் கன்னத்தில் இரண்டு போடலாம் போல் கோபம் வந்தது. கை எட்டாத தூரத்தில் இருக்கிறாய், தப்பினாய். கோபம் தணிந்தபிறகு, கள்ளு என்று எழுதின கை என்னுடையது என்பதும் ஞாபகம் வந்தது.

இதோடு போதகர் ஐயாவுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை, வாசித்துப் பார். கள்ளு விடச் சொன்னது நான்தான், என் தங்கச்சி அக்கா சொல்லைக் கேட்டுச் செய்தவள், மத்தேயு ஒன்றும் அறியாதவர் என்று எழுதியிருக்கிறேன். கொண்டுபோய்க் கொடு. வாய் திறக்கத் தேவையில்லை, கொடுத்துவிட்டு வந்துவிடு. அதற்கும் முடியாவிட்டால் அடுப்பில் போடு. ஆனால் அந்த மனிதரைச் சபைக்கு நடுவில் நிற்க விடாதே. அவர் உன்னைப் பற்றி யாரிடமும் ஒரு சொல் குறைவாய்ப் பேசமாட்டார். எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே.

இன்னும் உன் அக்காதான்
ஞானமலர்


தோணாமுனை
6.4.1964

என் அக்காவுக்கு,

ஐந்து மாதமாய் எழுதாததற்கு மன்னியுங்கள். இருவரும் சுகம். நேற்று பந்தி நடந்தது.

நீங்கள் தந்த கடிதம் வேதப்புத்தகத்துக்குள்ளேயே கிடந்தது. கொடுத்துவிட ஆசை வராமல் இல்லை. பழி முழுக்க உங்கள் தலையில் விழும், நான் பாவம் ஒன்றும் தெரியாதவள் ஆகிவிடுவேன். ஏற்கெனவே ஒருவர் தலையில் வைத்துவிட்டேன், இன்னொருவர் தலையும் வேண்டுமா? ஆனால் வாய் திறக்கவும் துணிவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று நேற்று வரைக்கும் வந்துவிட்டேன். இந்த வருஷம் தேத்தண்ணி விருந்துக்குப் பாண் கேட்டார்கள். பணியாரம் கொண்டுபோனேன்.

நேற்று போதகர் ஐயா இவரைக் கூப்பிட்டார். வெள்ளைச் சட்டையோடு முன்னால் போய் நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார். “சபையாரே, போன வருஷம் நான்...” என்று தொடங்கினார். அவ்வளவுதான், நான் எழும்பிவிட்டேன். “ஐயா, அந்தப் போத்தல் என்ட. பாணுக்கு விட நான்தான் கள்ளு வாங்கின. ஒளிச்சதும் நான். அவர் ஒண்டும் செய்யல்ல” என்றேன். சத்தம் என்னுடையது மாதிரி இல்லை.

மாஸ்டர்தான் மெல்ல, “அப்ப போன வருஷம் நாங்க திண்ட பாண்?” என்று கேட்டார். “ஓம் மாஸ்டர். நீங்க மூணு துண்டு” என்றேன். வேண்டுமென்று சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் குனிந்தவர் நிமிரவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது என்று இருந்தது. போதகர் ஐயா இவர் தோளில் கைவைத்துப் பந்திக்கு அழைத்துப் போனார். நான் பந்திக்குப் போகவில்லை. யாரும் தடுக்கவில்லை, எனக்குத்தான் மனமில்லை.

இருவரும் வீட்டுக்கு நடந்தோம். படலையைச் சாத்திவிட்டு, “எனக்கு முதல் வாய்லயே தெரியும், பீற்றிஸ்” என்றார்.

குடித்துப் பழகின நாக்குக்குத் தெரியாதா, அக்கா? அதற்குத்தான் கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளித்திருக்கிறார். பிடிக்கவில்லை என்று நான் அவரோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

“தெரிஞ்ச மறுகா ஏன் சொல்லல்ல?” என்றேன்.

“ஊரெல்லாம் உன்னப் புகழ, நீ சிரிச்சுக்கொண்டு நிண்டாய். அந்த நேரம் எப்பிடிச் சொல்லுற? மறுகா நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்” என்றார்.

“அப்ப இண்டைக்குக் கோயில்ல பொய் சொல்லவா போனீங்க?”

“பொய் என்னத்துக்கு? கள்ளெண்டு தெரியிறதுக்கு முதல் ஒரு வாய் முழுங்கிற்றன்தானே.”

பட்டறைக்குக் கூட்டிப்போனார். சுவர்ப் பலகையில் பென்சில் கோடுகள். வாக்குக் கொடுத்த நாளிலிருந்து ஞாயிறுக்கு ஒரு கோடு. நூற்றாறு கோடு போட்டு, குறுக்கே ஒரே வெட்டாய் வெட்டியிருந்தது. நான் பாண் சுட்ட ஞாயிறு அது. அதற்குக் கீழே முதலில் இருந்து திரும்பத் தொடங்கியிருக்கிறார். ஐம்பது கோடு. ஏதோ மர அளவு என்று உங்களுக்கு எழுதினேனே, அதுதான். நான் ஊட்டின ஒரு வாய்க்காக இரண்டு வருஷத்தை வெட்டிப்போட்டுவிட்டு, அதே பட்டறைக்குள் அதே பழியோடு நின்று, எனக்கு மணைப்பலகையும் முக்காலியும் செய்து தந்திருக்கிறார். இரண்டடி அடித்திருந்தால் தலை நிமிர்ந்து அழுதிருப்பேன். நேற்றைய ஞாயிறுக்கு ஐம்பத்தோராவது கோடு போட வேண்டும். பென்சிலை என் கையில் தந்து, “இண்டையக் கோட்ட நீ போடு” என்றார்.

போட முடியவில்லை, அக்கா. வைத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

அந்தப் பென்சிலால்தான் இதை எழுதுகிறேன், தச்சுப் பென்சில், எழுத்துத் தடிப்பாய் இருக்கும். ஈஸ்ட் ஒரு தகரம் அனுப்புங்கள். ஒரு சடை சுட்டு அவருக்கு மட்டும் கொடுக்க வேண்டும், தின்பாரோ தெரியாது. இப்போது பட்டறையில் வாள் சத்தம் கேட்கிறது. கடிதத்தை மடித்துவிட்டுப் போய் அந்தக் கோட்டைப் போடப் பார்க்கிறேன்.

உங்கள் தங்கச்சி
பீற்றிஸ்